ஓட்டில் இருந்த ஆண்டு

வகுப்பில் உங்களுக்கு ஒரு தவறு சொல்லிக்கொடுத்துவிட்டேன். மாதனூர் பக்கத்து எங்கள் ஓட்டு வீடு 1865-இல் கட்டியது, ஓட்டிலேயே அச்சு இருக்கிறது என்று பெருமையடித்தேன் அல்லவா? அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

தம்பி மாடி கட்டப்போகிறான். போன வாரம் ஓடுகளை இறக்கினார்கள். ஒன்றைக் கழுவிப் பார்த்தேன். பாசல் மிஷன், 1865. அது மங்களூரில் அந்த ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு! பிறகு சுட்ட ஓடுகளிலும் அதே எண்ணைத்தான் அச்சிட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஆலை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போனது. பழைய பெயர் இருப்பதால் நம் ஓடு அதற்கு முந்தையது. அவ்வளவுதான் சொல்லலாம்.

ஆனால் பரண்மேல் நாட்டு ஓட்டுச் சில்லுகள் கிடந்தன. அப்படியானால் இதற்கு முன்பும் ஒரு கூரை இருந்திருக்கிறது. ஒன்றரை முழ மண்சுவர் அதற்கும் மூத்ததோ என்னவோ. பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸுக்கு மட்டும் வயது தெரியும்: அத்தை ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைத்த கூலியில் 1988-இல் போட்டது.

வியாழக்கிழமை சுவர் இடிப்பு. தம்பி, திண்ணைத் தூணை விறகில் போட்டுவிடாதே. நான் வருகிறேன்.