வத்தலக்குண்டு வழியே ஒரு வாழைநார்ப் பை

கொடைக்கானல் போகிறவர்களுக்கு வத்தலக்குண்டு என்றால் பத்து நிமிட நிறுத்தம். டிரைவர் டீ குடிப்பார். நாம் பழம் வாங்குவோம். பஸ் காட்ரோடு பக்கம் கிளம்பிவிடும். 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த ராஜமய்யர், விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா, மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர் பி.எஸ்.ராமையா மூவரும் பிறந்த ஊர் இது. அதை நின்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை.

ஊரைத் தாண்டினால் கண்ணுக்குக் குளிர்ச்சி. தென்னை, நெல், நடுநடுவே வாழை. மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மலைவாழை. இந்த மாவட்டத்தின் விருப்பாட்சி, சிறுமலை வாழைப்பழங்களுக்குப் புவிசார் குறியீடே உண்டு.

வாழையில் வீணாவது எதுவுமில்லை என்று பெருமையாகச் சொல்வோம். இலை, பூ, காய், பழம், தண்டு எல்லாம் சமையலறைக்கு வந்துவிடும். ஆனால், ஒரு மரம் ஒருமுறைதான் குலை தள்ளும். தாரை வெட்டியபின் மிஞ்சும் மட்டைகள் வரப்போரத்தில் குவியும். அவற்றை அப்புறப்படுத்தவும் விவசாயிதான் கூலி கொடுக்க வேண்டும்.

ஆயுள் முடிந்த பொருளைப் பையாக்குவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் துறைமுகத்தில், 'சீ பேக்ஸ்' என்ற நிறுவனம் 1999-ல் தொடங்கி, பழைய படகுப் பாய்களை வெட்டிக் கைப்பை தைத்து வருகிறது. காற்றைத் தாங்கித் தாங்கி ஓய்ந்த பாய், படகுக்குத்தான் உதவாது. காய்கறி சுமக்க அதன் பலம் தாராளம்.

வத்தலக்குண்டில் கடலும் இல்லை, பாய்மரமும் இல்லை. ஆனால், பக்கத்து மதுரை மாவட்டத்தில் இதே யோசனை வாழை மட்டையில் பலித்திருக்கிறது. நிலக்கோட்டை, வாடிப்பட்டி, சோழவந்தான் என்று வைகைக் கரைப் பக்கமாகப் போனால் மேலக்கால் கிராமம். அங்கே பி.எம்.முருகேசன் என்ற விவசாயி, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், வாழைநாரில் கயிறு திரித்துப் பெயர் வாங்கினார்.

பூக்காரர்கள் நூலுக்குப் பதிலாக வாழைநாரில் பூக்கட்டுவதை நாமும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவருக்கு அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. தேங்காய் நாரைக் கயிறாக்கும் இயந்திரத்தில் முயன்றார், சரிப்படவில்லை. பிறகு சைக்கிள் சக்கரம், கப்பி என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தானே ஒரு ராட்டையை அமைத்தார். படிப்படியாக அது இயந்திரமானது. 2021-ல் பிரதமரின் 'மனதின் குரல்' நிகழ்ச்சியிலும் இவர் பெயர் ஒலித்தது.

வேலை இப்படித்தான்: மட்டையை உரித்து, கீற்றுக் கீற்றாகக் கிழித்து, வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்த நாரைத் திரித்தால் கயிறு. அந்தக் கயிற்றைப் பின்னினால் கூடை, பாய், கைப்பை. பின்னுவதற்கு இயந்திரம் கிடையாது, முழுக்கக் கைவேலை. பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். கயிற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், சமையலும் பிள்ளைகளும் போக மிஞ்சும் நேரத்தில் பின்னித் தரலாம். காட்டு வேலை இல்லாத மாதத்தில் கையில் நாலு காசு புழங்குவது சின்ன விஷயமா?

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். இன்றைய படகுப் பாய் பெரும்பாலும் பாலியெஸ்டர். நனைந்தாலும் கவலையில்லை, மண்ணில் போட்டால் மக்காது. வாழைநார்ப் பைக்கு ஈரம் ஆகாது. அதன் ஆயுள் முடிந்தால் வந்த மண்ணுக்கே உரமாகும். விலை பிளாஸ்டிக் பையைவிட அதிகம்தான். ஆனால், அந்த விலையில் ஒரு பெண்ணின் கூலியும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் அனுமதியில்லை. ஆனாலும், அடிவாரத்தில் வாங்கும் பழமும் தின்பண்டமும் இன்னமும் கேரி பேக்கில் ஏறத்தான் செய்கின்றன. அவை கடைசியில் போய்ச் சேர்வது சோலைக்காட்டு ஓடைகளில்.

அதே வத்தலக்குண்டைச் சுற்றி, பையாகக் கூடிய மட்டை வரப்போரத்தில் கிடக்கிறது! மலைக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்கினால், மேலக்காலில் சுற்றிய ராட்டை இங்கேயும் சுற்றாதா?

வாழைநார்ப் பை வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: ஈரமான கீரை, மீன் வாங்க இது வேண்டாம். பழம், பூ, மாற்றுத்துணி, டிபன் பாக்ஸுக்குப் பொருத்தம். நனைந்துவிட்டால் உடனே காற்றாட உலர்த்துங்கள். மழைக்காலத்தில் மடித்து அலமாரியில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஆணியில் தொங்கவிடுங்கள். கண்ணில் பட்டால், அடுத்த பயணத்துக்கு மறக்காமல் எடுத்துப்போகவும் தோன்றும்.