நார்க்கட்டில்

ஊர் விட்டு ஊர் வந்து வாழ்வோர் தம்முடன் ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டுவராமல் இருப்பதில்லை. சிலர் குலதெய்வத்தின் படத்தைக் கொண்டுவருவர். சிலர் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் சுமந்து வருவர். என் அன்னையார் 1999ஆம் ஆண்டு பெங்களூருக்கு வந்தபோது லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது ஒரு நார்க்கட்டில். அக்கட்டிலைப் பற்றி எழுதவேண்டும் என்னும் எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. எழுதினால் என் குற்றம் ஒன்றையும் சேர்த்து எழுதவேண்டும் என்னும் அச்சத்தால் இதுகாறும் தள்ளிப்போட்டு வந்தேன். நம் சங்கத்து அன்பர்களுள் பலர் என்னைப் போலவே பிழைப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்து வேரூன்றியவர்கள். ஆதலின் என் நிலை உங்களுக்கு விளங்கும் என்னும் துணிவில் இன்று எழுதுகின்றேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். செம்மணல் தேரியும் பனங்காடுமே அதன் செல்வம். உடன்குடி என்றால் கருப்பட்டி நினைவுக்கு வரும். அக்கருப்பட்டிக்குப் பின்னால் நிற்கும் பனையேறிகளை நினைப்பவர் சிலரே. என் தந்தையார் அவர்களுள் ஒருவர். பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குவார். மரத்தைத் தழுவித் தழுவி அவர் மார்பு காய்த்துப் போயிருந்தது. கால்களை இணைத்துப் பூட்டிக்கொள்ளும் தளைநாரை வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றித் திண்ணை ஆணியில் மாட்டுவார். பிறகுதான் தண்ணீர் கேட்பார்.

பதநீர் இல்லாத மாதங்களில் வீட்டில் நார் வேலை நடக்கும். பனையில் ஓலை வேறு, மட்டை வேறு என்பது ஊர்ப்புறத்தார் அறிந்தது. நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்காக அதனைச் சற்று விளக்குகின்றேன். விசிறி போல விரிந்த ஓலையைத் தாங்கி நிற்கும் காம்பே மட்டை. அதன் இரு விளிம்பிலும் அரத்தின் பல் போன்ற கருக்கு இருக்கும். பச்சை மட்டையை வெட்டி, கருக்கைச் சீவிக் களைந்து, நீளவாட்டில் பிளந்து, தோற்புறத்தை வார் வாராக உரித்தால் அதுவே நார். மட்டையின் அடியில், மரத்தைப் பற்றியிருக்கும் பகுதியைத் தட்டி எடுக்கும் முரட்டு இழைக்குத் தும்பு என்று பெயர். அது தூரிகைக்கும் துடைப்பத்துக்கும் ஆகும். தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக அயல்நாடுகளுக்கும் சென்றது. நாரோ வீட்டுக்கு வீடு பயன்பட்டது. கடகப்பெட்டியின் விளிம்பைக் கட்டவும், சுளகின் ஓரத்தை இறுக்கவும், வேலி பிணிக்கவும், கூரை வேயவும், கட்டில் பின்னவும் நாரே வேண்டும்.

மட்டைக்கு இவ்வளவு உறுதி ஏன் என்று சிறுவனாயிருந்தபோது தந்தையாரைக் கேட்டேன். "காற்றிலே அவ்வளவு பெரிய ஓலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே ஐயா" என்றார். பிற்காலத்தில் தாவர நூல்களைப் படித்தபோதும் அதே விடைதான் கிடைத்தது. நீரையும் உணவையும் கொண்டு செல்லும் குழாய்களைச் சூழ்ந்து, இலையைத் தாங்கும் தடித்த இழைகளே இலைநார்கள். சணல் தண்டின் பட்டையிலிருந்து வருவது. பருத்தி விதையின் மயிர். தேங்காய் நார் காயின் மட்டையிலிருந்து வருவது. இலையிலிருந்து வருவன சணலினும் பருத்தியினும் விறைப்பும் முரட்டுத்தன்மையும் மிக்கவை.

நான் 1981ஆம் ஆண்டு, என் இருபத்திரண்டாம் அகவையில், ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து இந்நகருக்கு வந்தேன். உடன் பணிபுரிந்தோர், "தந்தையார் என்ன செய்கிறார்?" என்று கேட்டபோது, "விவசாயம்; சொந்தத் தோட்டம்" என்று சொன்னேன். முதல் நாள் சொன்ன அப்பொய்யை அடுத்த முப்பது ஆண்டுகளும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. யாரும் என்னை இழிவாகப் பேசியதில்லை. பேசிவிடுவார்களோ என்று நானே அஞ்சினேன்.

தந்தையார் மறைந்தபின் அன்னையார் எங்களுடன் வந்து தங்கினார். "இந்த ஊர்க் குளிருக்கு நார்க்கட்டில் எதற்கு அம்மா?" என்று கேட்டேன். "உங்கள் அப்பா படுத்தது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கட்டிலின் கால் ஒன்றில் தந்தையாரின் தளைநார் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. நான் அதனைக் கண்டும் காணாதவன் போல இருந்தேன்.

2009ஆம் ஆண்டு புது வீடு கட்டிக் குடிபுகுந்தோம். தொழிற்சாலையின் மேலதிகாரிகளும் வருவதாயிருந்தது. பழுத்து, ஆங்காங்கே அறுந்து தொங்கிய நாருடன் அக்கட்டில் கூடத்தை ஒட்டிய அறையில் கிடந்தது. அன்னையார் கோயிலுக்குச் சென்றிருந்த ஒரு காலைப்பொழுதில் நானே கத்தியால் நார் முழுவதையும் அறுத்தெடுத்தேன். காலில் இருந்த தளைநாரையும் அறுத்தேன். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, ஆள் வைத்துப் பளபளக்கும் பிளாஸ்டிக் நாடாவைக் கட்டச் செய்தேன். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அன்னையார் திரும்பி வந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "காலில் சுற்றியிருந்த தளைநார் எங்கே?" என்று மட்டும் கேட்டார். நான் விடை சொல்லவில்லை. அவர் மறுமுறை கேட்கவும் இல்லை. அன்றிரவு முதல் பாயை விரித்துத் தரையில் படுத்தார். "கட்டில் வழுக்குகிறது" என்பது அவர் சொன்ன காரணம். மேலும் ஏதேனும் சொல்ல மாட்டாரா என்று நானும் என் மனைவியும் பல நாள் முயன்றோம். அது கல்லில் நார் உரித்த கதையாயிற்று.

விழாவுக்கு வந்த மேலதிகாரி அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை.

எழுபத்தெட்டு வயதான தாய் பெங்களூரின் மார்கழிக் குளிரில் தரையில் படுத்திருக்க, மெத்தையில் படுத்த எனக்கு உறக்கம் வரவில்லை. பழையபடி நார் கட்டித் தருவது என்று முடிவு செய்தேன். கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட்டை ஒட்டிய சந்துகளில் உள்ள கயிற்றுக் கடைகளில் ஏறி இறங்கினேன். நைலான் கயிறு இருந்தது. தேங்காய் நார்க் கயிறும் இருந்தது. பனைநார் கேட்டபோது கடைக்காரர்கள் விழித்தனர். ஒருவர் மட்டும், "கத்தாளெ இருக்கிறது, வேண்டுமா?" என்று வெண்மையான முரட்டுக் கயிற்றுச் சுருள் ஒன்றை எடுத்துப் போட்டார். வெறுங்கையோடு திரும்ப மனமின்றி அதனை வாங்கி வந்தேன்.

அக்கயிற்றைக் கண்டு மகிழ்ந்தவர் எங்கள் அண்டை வீட்டுக் கன்னட அஜ்ஜி. கோலார்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். தமிழும் ஓரளவு அறிந்தவர். "எங்கள் வயலைச் சுற்றி இதுதான் வேலி" என்று தொடங்கினார். கற்றாழை மடல்களை வெட்டி, கட்டாகக் கட்டி, குளத்து நீரில் கல் ஏற்றி ஊறப்போடுவார்களாம். சதை அழுகியபின் அடித்து அலசினால் வெள்ளை வெளேரென்று நார் வருமாம். அதனைத் திரித்து மாட்டுக்கும் கிணற்றுக்கும் கயிறு செய்வார்களாம். "அதன் சாறு பட்டால் கையெல்லாம் அரிக்கும், ஆனால் கயிறு ஏமாற்றாது" என்று சிரித்தார். என் அன்னையார் அதனைக் கையில் வாங்கி, இழை பிரித்து, இழுத்துப் பார்த்து, "நல்ல நார்தான், ஆனால் இது கயிற்றுக்கு, கட்டிலுக்குப் பட்டையான நார் வேண்டும்" என்றார். புது வீட்டுக்கு வந்தபின் அவர் முகம் மலர்ந்து பேசியது அன்றுதான்.

அக்கற்றாழையின் வரலாற்றைப் பின்னர்த் தேடிப் படித்தேன். நாம் ஆனைக்கற்றாழை என்றும், இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக வளர்வதால் இரயில் கற்றாழை என்றும் சொல்லும் இச்செடி நம் நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மருந்துக்கு ஆகும் சோற்றுக் கற்றாழை வேறு இனம். ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய உறவான சிசால் என்னும் வகை, மெக்சிகோவின் யுகடான் பகுதியில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயரைப் பெற்றது. அதன் மடலில் நூற்றுக்கு நான்கு பங்கே நார். மற்றவை நீரும் சதையும். 1893ஆம் ஆண்டளவில் இண்டார்ப் என்னும் செர்மானியர் ஆயிரம் கன்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வரவழைத்தார். வழியில் பட்டவை போக 62 மட்டுமே பிழைத்தன. அந்த 62 கன்றுகளின் வழித்தோன்றல்களால், 1960களில் தான்சானிய நாடு ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல் நார் விளைவித்தது. பிறகு செயற்கை இழைகள் வந்தன. தோட்டங்கள் பல பாழாயின. என் வீட்டில் நான் செய்த வேலையை உலகம் பெரிய அளவில் செய்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கன்னட நாட்டுக்கே உரிய வேலி என்று நாம் எண்ணும் கத்தாளெயும் கடல் கடந்து வந்த குடியேறியே. வந்த மண்ணில் வேர்விட்டு, அம்மண்ணின் மாட்டுக்குக் கயிறாகி, அம்மண்ணின் மொழியில் பெயரும் பெற்றுவிட்டது. எங்கிருந்து வந்தது என்பதை அது மறைக்க முயலவில்லை. இதனை நினைத்தபோது எனக்கு நாணமாக இருந்தது.

பழங்காலத்தில் வில்லின் நாணுக்கு மருள் என்னும் செடியின் இலைநாரைப் பயன்படுத்தினர். அதன் இனத்தைச் சேர்ந்த செடி ஒன்று இன்று பெங்களூரின் அடுக்கு மாடிகளில் அழகுக்காகத் தொட்டியில் நிற்கிறது. அதன் இலைக்குள் நார் இருப்பதை வளர்ப்பவருள் எத்தனை பேர் அறிவர்?

ஊரிலுள்ள சிற்றப்பா மகனுக்குச் சொல்லியனுப்பினேன். 2010ஆம் ஆண்டு தைத் திங்களில், ஊரிலிருந்து வந்த பேருந்தில் இரண்டு கட்டுப் பனைநார் வந்து சேர்ந்தது. கட்டத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லையே என்று நான் கவலைப்பட்டபோது அன்னையார் என்னை வியப்போடு பார்த்தார். "அந்தக் கட்டிலைக் கட்டியது யார் என்று நினைத்தாய்? உங்கள் அப்பா நார் உரித்தார், கட்டியது நான்" என்றார். என் பிள்ளைப்பருவம் முழுவதும் படுத்துறங்கிய கட்டிலைப் பின்னிய கை யாருடையது என்பதை ஐம்பதாம் வயதில் அறிந்தேன்.

நாரை ஓரிரவு நீரில் ஊறவைத்தோம். காலையில் ஈரம் உலராமல் துணியில் சுற்றிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சட்டத்தில் முடிந்து, எதிர்ச்சட்டத்துக்கு இழுத்து, வளைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குமாறு கோத்துக்கொண்டே போனார். நார் முடியும் இடத்தில் அடுத்த நாரை இணைக்கும் முடிச்சு, படுப்பவர் முதுகில் உறுத்தாதபடி கீழ்ப்புறமாக விழவேண்டும். கை நடுங்கியபோது இழுக்கும் வேலையை எனக்குத் தந்தார். "இழுத்துக் கட்டு ஐயா. ஈரத்திலே தளர விட்டால் காய்ந்தபின் தொட்டிலாகிவிடும்" என்றார். அஜ்ஜியும் வந்து அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் கட்டில் முடிந்தது. மிஞ்சிய நாரை மூன்று புரியாகத் திரித்து, ஒரு வளையமாக்கிக் கட்டிலின் காலில் மாட்டினார். "அது உங்கள் அப்பாவுடையது, இது அவருடையது இல்லை. ஆனாலும் இருக்கட்டும்" என்றார். அப்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "கையை எடு, நார் கிழித்திருக்கிறது, மஞ்சள் வைக்கிறேன்" என்றார். அதற்குமேல் அதனைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அதற்கடுத்த வாரம் தொழிற்சாலையில் உடன் பணிபுரிந்தோரிடம் என் தந்தையார் பனையேறி என்று சொன்னேன். ஒருவர், "அப்படியானால் நல்ல கருப்பட்டி கிடைக்குமா?" என்று கேட்டார். முப்பதாண்டு அச்சத்துக்குக் கிடைத்த விடை அவ்வளவுதான்.

அன்னையார் 2014ஆம் ஆண்டு அக்கட்டிலிலேயே கண் மூடினார். சென்ற ஆண்டு நார் தளர்ந்தபோது பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே கட்டினேன். முடிச்சுகள் சில மேற்புறம் விழுந்துவிட்டன. அன்னையார் இருந்தால் அவிழ்க்கச் சொல்லியிருப்பார். ஓர் இடத்தில் கோப்பு முறை எனக்கு மறந்துபோயிற்று. கேட்க ஆள் இல்லை.

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. அனுமதியின்றி அதனை வெட்டலாகாது என்று தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு அறிவித்தது. மரத்தை ஆணையால் காக்கலாம். நார் உரிக்கும் கையையும் கட்டும் கையையும் அவரவர் வீட்டார்தாம் காக்கவேண்டும். பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்று பெரியோர் சொல்வர். பூக்களை உதிராமல் பிடித்து நிற்பது அந்நார்தான் என்பதையும் நாம் உடன் நினைக்கவேண்டும். நம் வீடுகளில் இன்னும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைகள் என்னென்ன அறியும் என்பதை இவ்வாரமே கேளுங்கள். கேட்பதோடு நில்லாமல், அருகில் அமர்ந்து ஒரு முடிச்சையேனும் போடக் கற்றுக்கொள்ளுங்கள்.