ராஜா கட்சி, ரகுமான் கட்சி, அனிருத் கட்சி

முதலிலேயே ஒரு டிஸ்கி போட்டுவிடுகிறேன். எனக்கு சங்கீதம் தெரியாது. கண்ணைக் கட்டி உட்கார வைத்து இது கல்யாணியா கரகரப்ரியாவா என்று கேட்டால், கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடுவேன். படிப்பது பி.காம். பற்றும் வரவும் சமமாக வந்தால் அன்றைக்கு தீபாவளி கொண்டாடுகிற இனம். ஆகவே சங்கீதம் தெரிந்த மகாஜனங்கள் மன்னிக்க. நான் எழுதப்போவது சங்கீதத்தைப் பற்றி இல்லை, சண்டையைப் பற்றி.

சண்டை உங்களுக்கும் தெரிந்ததுதான். "ராஜா முடிஞ்சுட்டாரா?"

எங்கள் ஹாஸ்டலில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இது வரும். மெஸ்ஸில் சாம்பார் சரியில்லாத அன்றைக்கு நிச்சயம் வரும். ஒருத்தன் ஆரம்பிப்பான்: "மச்சி, அவரு கடைசியா எப்படா ஹிட் குடுத்தாரு?" உடனே இன்னொருத்தன் எழுந்து, "டேய், ராஜா ராஜாதான்டா. உங்க ஆளு பாட்டு ஆறு மாசம் தாங்குமா?" என்பான். நடுவில் ரகுமான் ஆள் ஒருத்தன் ஆஸ்கரை எடுத்து நீட்டுவான். முக்கால் மணி நேரம் ஆகும். யாரும் ஜெயிக்க மாட்டார்கள். தட்டு காய்ந்துபோயிருக்கும்.

இந்தச் சண்டைக்கு வயது என்ன என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நாங்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இது நடந்துகொண்டிருந்தது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளைஞரின் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, எம்.எஸ்.வி. ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் கதையாகச் சொல்வார்கள். அப்போது முடிந்துபோனவர் எம்.எஸ்.வி.! அப்படி முடிந்துபோனவர் மூன்று வருஷம் கழித்து, 1979-ல், 'நினைத்தாலே இனிக்கும்' கொடுத்தார். சிங்கப்பூருக்குப் போகிற ஒரு இசைக்குழுவின் கதை. கமலும் ரஜினியும் மேடையில் ஆடிப் பாடுவார்கள். தமிழில் இசைக்குழுவை வைத்து வந்த படம் என்றதும் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். போட்டவர் 'பழைய ஆள்'. அப்புறம் 1986-ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்தே இசையமைத்தார்கள். ரசிகர்கள்தான் கோர்ட்டு கேஸு என்று நின்றார்கள். அவர்கள் இருவரும் ஒரே அறையில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்தது 1992. இதில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆகஸ்ட் 15-ல் 'ரோஜா' வந்தது. மதுபாலா துள்ளிக் குதித்துக்கொண்டு தன் ஆசைகளை வரிசையாகப் பாடுவாரே, அந்தப் பாட்டில் வருகிற தண்ணீரும் பாறையும் எங்கள் ஒகேனக்கல்லில் எடுத்தவை. ராஜாவின் காலம் முடிந்தது என்று முதன்முதலாக ஊர் பேச ஆரம்பித்த பாட்டு, தர்மபுரி மாவட்டத்துத் தண்ணீரில் நனைந்த பாட்டு. (பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் :-))

அந்த வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. தேர்வுக் குழுத் தலைவர் பாலு மகேந்திரா. சிறந்த இசைக்கு 'தேவர் மக'னும் 'ரோஜா'வும் சம ஓட்டில் நின்றன. பாலு மகேந்திரா யார்? 1980-ல் ராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி'யை எடுத்தவர். ராஜாவின் நண்பர். அவர் தன் ஓட்டை 25 வயதில் முதல் படம் போட்ட ரகுமானுக்குக் கொடுத்தார். சரி, அதோடு ராஜாவை விட்டுவிட்டாரா? 1995-ல் 'சதி லீலாவதி'க்கு ராஜாதான். 2013-ல் வந்த கடைசிப் படம் 'தலைமுறைக'ளுக்கும் ராஜாதான். புது ஆளுக்கு மாலை போடுவதற்குப் பழைய ஆளின் கழுத்திலிருந்து கழற்ற வேண்டியதில்லை என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் முப்பது வருஷமாக ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்கள் பாடத்தில் ரெண்டு அறிக்கை உண்டு. இலாபநட்டக் கணக்கு ஒரு வருஷத்துக்கு உரியது. ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லாரும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இருப்புநிலைக் குறிப்பு அப்படி இல்லை, கடை திறந்த நாளிலிருந்து சேர்ந்தது எல்லாம் அதில் நிற்கும். அனிருத் கட்சி படிப்பது முதலாவதை. 'இந்த வருஷம் என்ன?' ராஜா கட்சி படிப்பது இரண்டாவதை. 'இதுவரைக்கும் எவ்வளவு!' ரெண்டு பேரும் வேற வேற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'நீ தப்பா படிக்கிற' என்று கத்துகிறார்கள். அப்புறம் எப்படி சண்டை முடியும்?

ஆனால் என் கோபம் அனிருத் கட்சி மேல் இல்லை. அவன் நேர்மையாகச் சொல்லிவிடுகிறான்: "எனக்கு இப்ப வர்றது போதும்." என் கோபம் "ராஜா ராஜாதான்" கட்சி மேல். ஒரு நாள் சோதனைக்காக எங்கள் ஹாஸ்டலின் தீவிர ராஜா பக்தர்கள் நாலு பேரிடம் கேட்டேன்: "2010-க்கு அப்புறம் ராஜா இசையமைத்த படம் அஞ்சு சொல்லுங்கடா." ஒருத்தன் 'நீதானே என் பொன்வசந்தம்' சொன்னான். இன்னொருத்தன் ரொம்ப யோசித்து 'விடுதலை' என்றான். அதோடு சரி. நாலு பக்தர்கள், ரெண்டு படம்!

இவர்கள் கேட்பது எல்லாம் அப்பா கேட்ட பாட்டு. சேலம் போகிற பஸ்ஸில் ஓடுகிற பாட்டு. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். தப்பே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். "அவரு 92-லயே முடிஞ்சுட்டாரு" என்று ஒருத்தன் வாயால் சொல்கிறான். "ராஜா தெய்வம்" என்று சொல்லிவிட்டு 92-க்கு அப்புறம் ஒன்றையும் கேட்காமல் இருக்கிறவன் அதையே காதால் சொல்கிறான். ரெண்டும் ஒரே கட்சி. கொடி மட்டும்தான் வேற.

அந்த மனுஷன் சும்மாவா இருந்தார்? 1999-ல் 'சேது'. 2003-ல் 'பிதாமகன்'. 2010-ல் 'நந்தலாலா'. 2013-ல் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்'. அதில் பாட்டே கிடையாது, ராத்திரி முழுக்க ஓடுகிற கதைக்குப் பின்னணி இசை மட்டும். 2016-ல் ஆயிரமாவது படம் 'தாரை தப்பட்டை'. அவர் வாங்கிய தேசிய விருதுகள் ஐந்து. அதில் கடைசி இரண்டும், அதாவது 2009-ன் 'பழசிராஜா'வும் 'தாரை தப்பட்டை'யும், பின்னணி இசைக்காக வந்தவை. கவனித்தீர்களா? அவருடைய உழைப்பு பல்லவி, சரணத்திலிருந்து மெல்ல நகர்ந்து காட்சிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னணி இசையை யாரும் பாத்ரூமில் பாட முடியாது. பஸ்ஸில் போட முடியாது. அதனால் நம் கணக்கில் அது வரவே இல்லை.

இப்போது 'விடுதலை'. 2023 மார்ச்சில் முதல் பாகம், 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம். வெற்றிமாறன் ராஜாவோடு சேர்ந்த முதல் படம். ஜெயமோகனின் 'துணைவன்' கதையிலிருந்து எழுந்த படம். வாச்சாத்தியைப் பற்றிய படம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தர்மபுரி மாவட்டத்துக்காரன் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, மலையடி ஊரும் காக்கி உடையும் பெண்களை அடைத்துவைத்த அறையும் வரும்போது, வேற எந்த ஊர் ஞாபகம் வரும்? 1992 ஜூன் 20, அரூர் பக்கத்து வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று உள்ளே போனவர்கள் செய்ததற்கு, 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 'ரோஜா' வந்த அதே 1992. ஒகேனக்கல்லில் எடுத்த பாட்டை நாடே பாடிய வருஷத்தில்தான், அதே மாவட்டத்தில் இது நடந்தது.

நான் அந்தப் படத்தை தியேட்டரில் பார்த்தேன். என்னை விடுங்கள், பக்கத்து சீட்டில் ஐம்பது வயது இருக்கும், ஒரு பெரியவர். அந்தக் காட்சிகளில் இசை தாழ்ந்து தாழ்ந்து ஒரு இடத்தில் நின்றேபோனபோது, அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். 79 வயதில் ஒருத்தர் போட்ட இசை எங்கள் மாவட்டத்து மனுஷனை அப்படி உட்கார வைக்கிறது. இவரைப் போய் 'இப்ப செல்லுபடியாகாது' என்றால், செல்லுபடி என்றால் என்ன? ஹிட் லிஸ்ட்டில் எத்தனாவது இடம் என்பதா?

காசு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பி.காம் படித்து என்ன பயன். 1991 தீபாவளிக்கு ஒரே நாளில் 'தளபதி'யும் 'குணா'வும் வந்தன. ரெண்டுக்கும் ராஜா. 'தளபதி' ஓட்டமாக ஓடியது. 'குணா'வுக்கு அந்த வசூல் இல்லை. அந்த வருஷ இலாபநட்டக் கணக்கில் 'குணா' சுமார்தான். 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்று ஒரு மலையாளப் படம், அதே கொடைக்கானல் குகை, அதே 'குணா' பாட்டு. பாட்டு ஒலிக்கிற இடத்தில் தமிழ்நாட்டுத் தியேட்டர்களே எழுந்து நின்றன. படம் 200 கோடியைத் தாண்டியது. மே மாதம் ராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருந்த கம்பெனிகளிடம் முறையாக வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. நம் ஆட்கள் என்ன சொன்னார்கள்? "இந்த வயசுல காசு ஆசை பாரு." சொன்னவர்களில் பாதிப்பேர் ராஜா பக்தர்கள்!

எங்கள் பாடத்தில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதில் ஒரு வேடிக்கையான விதி. நீயே வருஷக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்த நற்பெயரை உன் ஏட்டில் சொத்தாகக் காட்டக்கூடாது. இன்னொருத்தர் அதைக் காசு கொடுத்து வாங்கினால், வாங்கினவர் ஏட்டில் ஏறும். இந்த விதியைப் படித்த அன்றைக்கே எனக்கு 'குணா' ஞாபகம்தான் வந்தது. உண்டாக்கியவர் ஏட்டில் இல்லை, எடுத்தவர் ஏட்டில் இருக்கிறது. சட்டப்படி யார் சரி என்பதைச் சொல்ல நான் யார்? அந்தக் காலத்தில் தயாரிப்பாளரும் பணம் போட்டிருக்கிறார், கேசட் கம்பெனியும் விலை கொடுத்திருக்கிறது, அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தும்போது, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு வேண்டும் என்று நாடாளுமன்றமே சொன்னது. 'அழியாத பாட்டு' என்று மேடையில் சொல்லிவிட்டு, அந்த அழியாத பாட்டுக்கு பில் வந்தால் மட்டும் முகம் சுளிப்பது என்ன நியாயம் என்று புரியவில்லை.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். ரோலிங் ஸ்டோன்ஸ் 1962-ல் ஆரம்பித்த ராக் குழு. கிழவர்கள், முடிந்தவர்கள் என்று எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. 2023-ல் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' போட்டார்கள். சொந்தப் பாடல்களோடு 18 வருஷம் கழித்து வந்த தொகுப்பு. அவர்களுடைய பாடகர் மிக் ஜாக்கர் பிறந்தது 1943 ஜூலை. நம் ராஜா 1943 ஜூன். ஒரு மாசம் மூத்தவர் நம்ம ஆள்! அவர் 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். எங்கள் ஹாஸ்டலில் எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஸ்டேட்டஸுக்குப் பின்னணியில் ஓடியது எண்பதுகளின் பாட்டு. என்னத்த சொல்ல...

இப்போது வரிசையில் அடுத்து நிற்பவர் ரகுமான். 2012-ல் '3' படத்தோடு அனிருத் வந்தார், "ரகுமான் பழைய மாதிரி இல்லப்பா" என்பது ஆரம்பித்துவிட்டது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு ஏழாவது தேசிய விருது வாங்கியவரைப் பார்த்து! இன்றைக்கு மார்தட்டுகிற அனிருத் கட்சித் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு நாள் ஹாஸ்டலில் ஒரு சின்னப் பையன் எழுந்து "உங்க ஆளு கடைசியா எப்பண்ணே ஹிட் குடுத்தாரு?" என்று கேட்பான். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், அதுதான் ஒரே வருத்தம்.

ஆகவே ராஜா கட்சித் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த சண்டைக்கு வருவதற்கு முன்னால் ஒரு ராத்திரி 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தை இயர்போன் மாட்டிக்கொண்டு முழுசாகக் கேளுங்கள். ஆம், பார்க்காமல் கேளுங்கள். பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள். 'இது சரியில்லை' என்று திட்டினால்கூட, இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற ஒருத்தரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அர்த்தம். அப்புறம் மெஸ்ஸுக்கு வாங்க, பேசலாம். சாம்பார் எப்படியும் சரியிருக்காது.