அடகுக்குப் போன கண்

"அடகுக்கடைப் பொருளை வாங்காதீர்கள். பிறர் கண்ணீர் ஒட்டிய பொருள் வீட்டிலே தங்காது, தரித்திரத்தையும் கையோடு அழைத்து வரும்" என்று நமக்கு அறிவுரை கூறாதவர் கரிவலம்வந்தநல்லூர்க் கடைத்தெருவிலே குறைவு. கூறியவர்களிலே படித்தவர் உண்டு, பட்டம் பெற்றவர் உண்டு, வட்டிக்குப் பணம் கொடுத்து வயல் வாங்கியவரும் உண்டு! கடன் கொடுத்தபோது ஒட்டாத கண்ணீர், அந்தப் பொருளைக் காசு கொடுத்து ஒருவன் வாங்கும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளுமாம். வட்டி ஆகும்; வட்டிக்கடைப் பொருள் ஆகாது! நல்ல நீதி, நாடு போற்றும் நீதி!

அந்தப் பேச்சுக்கு நாம் செவிசாய்த்ததில்லை. பழைய காமிராக்களைத் தேடி வாங்குவது நமக்கு நெடுநாளைய பழக்கம். கரிவலத்திலும் சங்கரன்கோவிலிலும் இராசபாளையத்திலும் உள்ள வட்டிக்கடைகளில் நாம் ஏறி இறங்காத படி இல்லை. ஒரு காலத்திலே அக்கடைகளுக்குள் நுழைந்தால் அண்டாவும் குண்டாவும், குத்துவிளக்கும் வெண்கலப் பானையும், கைக்கடிகாரமும் தையல் எந்திரமும், சைக்கிளும் ரேடியோவும் சீட்டுக் கட்டிய கழுத்தோடு வரிசையாகக் காத்துக் கிடக்கும். ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை, அது அடகு வைத்த பொருளைக் கொண்டே அளந்துவிடலாம். முதலிலே நகை போகும். பிறகு பாத்திரம் போகும். கடைசியிலே தொழிற்கருவி போகும். இன்று பெரும்பாலான கடைகளில் தங்கத்தைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. ஆகவே காமிரா கிடைப்பது, பரணைத் துப்புரவு செய்யும் நாளிலேதான்.

காமிரா ஏன் அடகுக்குப் போயிற்று? இதை நாம் பல நிழற்படக்காரர்களிடம் கேட்டிருக்கிறோம். குடியா, சூதா? அப்படிப்பட்டவரும் சிலர் இருந்திருப்பர். ஆனால் நாம் கேட்டவரை, விடை ஒன்றாகவே இருந்தது: ஆடி! ஆடி மாதத்திலே திருமணம் கூடாது; மார்கழியிலே கூடாது; புரட்டாசியிலே பலர் செய்வதில்லை. ஊரிலே திருமணம் இல்லையெனில் பந்தல்காரனுக்கு வேலை இல்லை, மேளக்காரனுக்கு வேலை இல்லை, நிழற்படக்காரனுக்கும் வேலை இல்லை. வயிறு மட்டும் ஆடி என்றும் ஆவணி என்றும் பார்ப்பதில்லையே! சங்கரன்கோவிலில் ஆடித்தபசு விழாவுக்குப் பெருங்கூட்டம் திரளும். அங்கே பத்துப் பேரைப் படம் பிடித்தால் அன்றைய சோற்றுக்கு ஆகும். வீட்டு வாடகைக்கு ஆகுமா? ஆடி பிறந்தால் பெட்டி கடைக்குப் போகும். ஆவணி முகூர்த்தத்திற்கு முன்பணம் வாங்கியதும் மீண்டு வரும். இடையிலே ஓடுகிற வட்டி இருக்கிறதே, அது எதற்கான வட்டி? ஒரு மாதத்தை ஆகாத மாதம் என்று ஒதுக்கி வைத்த மூடத்தனத்திற்கு, அதை ஒதுக்காதவனும் கட்டிய வட்டி!

அடகு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பாரிசு நகரிலே 1777ஆம் ஆண்டில் அரசே அடகு நிலையம் ஒன்றை நிறுவிற்று. அந்நகர மக்கள் அதற்கு 'என் அத்தை' என்று செல்லப் பெயர் சூட்டினர். கடிகாரம் எங்கே என்று கேட்டால், அத்தை வீட்டில் இருக்கிறது என்பார்களாம். நம் ஊரிலே அந்த நகைச்சுவை இல்லை. இங்கே அடகு வைப்பவன் பின்வாசல் வழியே, முந்தானை மறைவிலே, இருட்டிய பிறகு போனான்.

அந்த இருட்டுதான் காமிராவுக்கும் பகை. இரும்புப் பெட்டிக்குள்ளே, தோலுறைக்குள்ளே, மழைக்காலத்து ஈரத்திலே ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கண்ணாடிச் சில்லிலே பூஞ்சை பிடிக்கும். சிலந்திவலை போல மெல்லிய நரம்புகள் படரும். முற்றிவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்துப் பயனில்லை. ஆகவே கடையிலே பெட்டியைக் கையில் வாங்கியதும் நாம் முதலிலே செய்வது, அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதுதான். அடுத்து மூடியின் வேகத்தைக் காதால் கேட்க வேண்டும். ஒரு நொடி, அரை நொடி, கால் நொடி என்று ஒவ்வொன்றாக அழுத்தினால், நெய் இறுகிப்போன பெட்டி இழுத்து இழுத்து மூச்சு விடும். தானே படம் பிடிக்க வைத்திருக்கும் சிறு நெம்பை மட்டும் தொடலாகாது. பழைய பெட்டிகளில் அது பாதியிலே சிக்கிக்கொண்டால் மொத்தமும் நின்றுவிடும். ஒளிமானி உள்ள பழைய பெட்டிகள் பல பாதரச மின்கலத்தை நம்பிப் பிறந்தவை. 1.35 வோல்ட் தந்த அக்கலம் இப்போது செய்யப்படுவதில்லை, 1.55 வோல்ட் கலத்தைப் போட்டால் மானி பொய் சொல்லும். இவையெல்லாம் தெரிந்தவனுக்கு விலை பேசுவதிலே தயக்கம் இராது.

ஆனால் கண்ணாடியையும் மூடியையும் பார்த்தால் போதுமா? பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு, அதுதான் சீட்டு. 1943ஆம் ஆண்டின் அடகு வணிகர் சட்டம், அடகுக்கடைக்காரர் உரிமம் பெற வேண்டும், அடகு வைப்பவருக்குச் சீட்டுத் தர வேண்டும், மீட்கப்படாத பொருளை ஏலத்திலே விற்க வேண்டும் என்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்து 176ஆம் பிரிவோ, விற்குமுன் உரியவருக்குத் தக்க அறிவிப்புத் தர வேண்டும், கடன்போக மீதம் இருந்தால் அதை அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மீதத்தைத் திருப்பித் தருவதா! அப்படியொரு வழக்கம் இருப்பதையே அறியாதவர்களைத்தான் நாம் கண்டிருக்கிறோம், கொடுக்கும் இடத்திலும் வாங்கும் இடத்திலும்.

2023ஆம் ஆண்டிலே கரிவலத்துக் கடை ஒன்றிலே பரண் இறங்கிற்று. கடையின் பெயர் வேண்டா. பழைய முதலாளி மறைந்துவிட, மகன் பொறுப்பேற்றுத் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவற்றின் நடுவே ஒரு யாஷிகா மாட் 124ஜி. மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேற்கண்ணால் நாம் பார்க்க, கீழ்க்கண்ணால் பிலிம் பார்க்கும். குனிந்து பார்த்தால் உருவம் இடவலம் மாறித் தெரியும். 1970ஆம் ஆண்டிலிருந்து 1986 வரை சப்பானிலே செய்யப்பட்ட பெட்டி; நம் சிற்றூர்த் திருமணங்களை எத்தனையோ கண்டது. தோலுறை பச்சை பூத்திருந்தது. கண்ணாடியிலே ஓரத்தில் மட்டும் பூஞ்சை. பக்கவாட்டிலுள்ள எண்காட்டியைப் பார்த்தோம். 7 என்று நின்றது.

பின்மூடியைத் திறந்தால் அந்த எண் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். 7இலே நிற்கிறதென்றால், கடைசியாகத் திறந்து மூடியவர் உள்ளே பன்னிரண்டு படச் சுருள் ஒன்றைப் போட்டு, ஆறு படம் பிடித்து, அப்படியே விட்டுவிட்டார் என்பது பொருள். மகன் மூடியைத் திறந்து காட்டக் கைநீட்டினார். தடுத்தோம்.

"அண்ணாச்சி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டாமா?" என்றார்.

"பார்த்தால் போய்விடும். இது யார் வைத்த பெட்டி?"

"அப்பா காலத்துப் பொருள். மூவாயிரம் கொடுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள். யார் வைத்தால் என்ன?"

"பேரேட்டைப் பாருங்கள். ஆளைக் கண்டு பேசிய பிறகு அந்த மூவாயிரம் தருகிறோம், அதுவரை பெட்டி உங்களிடமே இருக்கட்டும்" என்றோம். முணுமுணுத்தார், ஆனால் மூவாயிரம் பெரிய தொகை. இரண்டு நாளிலே பேரேடு கிடைத்தது. 1996, ஆடி மாதம், கடன் ரூபாய் 400, பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர், ஆள் பெயர்.

அவரைத் தேடிப் போனோம். நகலெடுக்கும் கடை வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடி, நரைத்த தலை. பெட்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "தம்பி, உள்ளே சுருள் இருக்கிறதா?" என்பதுதான்.

ஆடியிலே திருமணம் இல்லை என்றோமே. அந்த ஆண்டு அவருக்கு ஒன்று கிடைத்திருந்தது. சீர்திருத்தத் திருமணம். நாள் பார்க்காமல், கோள் பார்க்காமல், ஐயர் இல்லாமல், ஆடி மாதத்திலே மாலை மாற்றிக்கொண்ட இணையர். அத்தகைய திருமணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டிலே தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. ஆயினும் ஓமப்புகையும் ஊர்வலமும் இல்லாத அந்த நிகழ்ச்சிக்குப் பின்னாளிலே கையில் எஞ்சுவது நிழற்படம் ஒன்றுதான். ஆறு படம் எடுத்தார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்திலே மீதி ஆறு எடுப்பதாக ஏற்பாடு. அன்றிரவு குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். திருநெல்வேலி மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியுமுன் பெட்டி அடகுக்குப் போயிற்று. சுருளை உருவி எடுக்கவும் அவருக்கு அப்போது தோன்றவில்லை.

குழந்தை பிழைத்தது, பெட்டி மீளவில்லை. ஆவணியிலே இன்னொரு கடையின் காமிராவை நாள் வாடகைக்கு எடுத்துப் பிழைத்தார். வருவாயிலே பாதி வாடகைக்குப் போயிற்று. மறு ஆண்டு பணத்தோடு போனபோது, "தவணை கடந்தது, பெட்டி விற்றாகிவிட்டது" என்றார்களாம். ஏலமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. விற்கவும் இல்லை என்பதற்குப் பரணே சாட்சி! அந்தத் திருமண வீட்டுத் தெரு வழியாக இருபத்தேழு ஆண்டுகள் அவர் நடந்ததில்லை.

கணக்குப் பார்த்தோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்று இரு தரப்பும் ஒப்பின. 400 ரூபாய்க்கு ஆண்டுக்கு 48. இருபத்தேழு ஆண்டுக்கு 1296. முதலோடு சேர்த்து 1696. நாம் தந்த 3000இலே அது போக மீதம் 1304. "இருபத்தேழு ஆண்டு காத்து வைத்ததற்குக் கூலி வேண்டாமா?" என்று கேட்டார் மகன். பரணிலே பூஞ்சை வளர்த்ததற்கா கூலி என்று நாமும் கேட்டோம். ஒரு வாரம் பேச்சு நீண்டது. பிறகு, வேண்டா வெறுப்பாகவேனும், 1304 ரூபாயை அவர் அந்தப் பெரியவர் கையிலே கொடுத்தார்.

சுருளை மதுரைக்குக் கொண்டுபோனோம். 1858ஆம் ஆண்டிலேயே லின்னேயசு டிரைப் என்ற ஆங்கில அதிகாரி பெருங்காமிராவைத் தூக்கிவந்து படம் பிடித்த நகரம் அது; இன்று அங்கும் சுருள் கழுவுபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உதகையிலே 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு 'இந்து' என்ற பெயரில் சுருள் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் உற்பத்தியும் நின்றுவிட்டது. இருட்டறையை இன்னும் கைவிடாத முதியவர் ஒருவர், வெப்பத்தைத் தணித்து, நேரத்தைக் கூட்டி, தம் கைப்பட அதைக் கழுவித் தந்தார். ஆறிலே மூன்று முற்றும் புகைமூட்டம். மூன்றிலே ஆள் தெரிந்தது: ஒலிபெருக்கியின் முன்னே பேசும் பெரியவர் ஒருவர், மாலை மாற்றும் இணையர், சோறு பரிமாறும் பந்தி.

கரிவலத்திலே பாண்டிய மன்னர் தொகுத்து வைத்த ஏட்டுச் சுவடிகளைத் தேடிவந்த உ. வே. சாமிநாதர், அவை நெய்யிலே தோய்த்து ஓமத்தீயிலே இடப்பட்டன என்று கேட்டு நொந்ததை 'என் சரித்திரம்' நூலிலே எழுதியிருக்கிறார். பயனற்ற குப்பையென்று ஒருவன் முடிவு கட்டினால் போதும், எதுவும் போய்விடும் இந்த ஊரிலே. மகன் மூடியைத் திறந்திருந்தால் இந்த மூன்றும் போயிருக்கும்.

படங்களை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் பெரியவர் போனார். நாமும் உடன் போனோம். மணமகன் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையார் மட்டும் இருந்தார். வாசலிலே நின்றவரை அடையாளம் கண்டதும் முகம் இறுகிற்று. படத்தைக் கையிலே வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"இவருக்கு அப்போது மீசை இருந்ததா?" என்று தம் மகளிடம் கேட்டார். பிறகு, "உள்ளே வாருங்கள் அண்ணே" என்றார்.

பெட்டியைத் திருப்பித் தருகிறோம் என்று பெரியவரிடம் சொன்னோம்; கண் சரியில்லை என்று மறுத்துவிட்டார். ஆடியிலே யாரேனும் திருமணம் வைத்தால் மட்டும் ஒருநாள் இரவல் வேண்டும் என்றார். பூஞ்சையைத் துடைத்து, நெய் மாற்றி வைத்திருக்கிறோம். ஒரு நொடி வேகம் மட்டும் இன்னும் ஒன்றரை நொடி இழுக்கிறது.