தேதி தடுமாறினால் பொய்யா?

"முதல் இன்டர்வியூவில் சொன்ன தேதி வேறு, இப்போது சொல்வது வேறு." லண்டனில் தஞ்சம் கேட்கும் நம் பிள்ளைகளை நம்ப மறுக்க இந்தக் காரணம் காட்டப்படும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது.

பிரிட்டனில் இருந்த கொசோவோ, பொஸ்னிய அகதிகள் 39 பேரை இருமுறை விசாரித்த ஆய்வு 2002இல் வெளியானது. தங்க அனுமதி பெற்றவர்கள், பொய் சொல்லத் தேவையே இல்லாதவர்கள். அவர்கள் சொன்ன விவரங்களும் மாறின.

வதைபட்ட மனத்தின் இந்தத் தடுமாற்றத்தை நீதிபதிக்கு விளக்குவதுதான் உளவியல் மதிப்பீட்டு அறிக்கை. தழும்போடு மனக்காயத்தையும் பதியச் சொல்கிறது, சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை.

விசர் என்பார்களோ என்று மறைக்காதீர்கள். நித்திரை இல்லையா, கனவில் அலறுகிறீர்களா? டாக்டரிடமும் லோயரிடமும் இப்போதே சொல்லுங்கள். கேஸ் தள்ளுபடியாகும்வரை காத்திருக்காதீர்கள்.