ஜெர்மனியில் அரியருக்கு மூன்றே வாய்ப்பு! ஆகன் நகரில் ஒரு நாமக்கல் மாணவி

ஆகன் ரயில் நிலையத்தில் இறங்கி ஊருக்குள் நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே அழுகிய முட்டை வாடை அடிக்கும். சாக்கடை ஏதும் உடைந்துவிடவில்லை. எலிசன்புருன்னன் என்ற வெள்ளைத் தூண் மண்டபத்தில் கந்தகம் கலந்த வெந்நீர் ஊற்று ஓடுகிறது. ரோமானியர்கள் குளித்த தண்ணீர் அது. ஊர்க்காரர்கள் அந்த வாடையைக் கண்டுகொள்வதே இல்லை. புதிதாக வந்தவர்கள்தான் மூக்கைப் பிடிப்பார்கள்.

நாமக்கல் மாவட்டத்திலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்த அந்த மாணவிக்கும் ஒரு மாதத்தில் வாடை பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. அங்கே அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகன் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பஸ் ஏறினால் சீக்கிரமே நெதர்லாந்தின் வால்ஸ் ஊர் வந்துவிடும். அங்கே 322 மீட்டர் உயரக் குன்று ஒன்றில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் என மூன்று நாடுகளும் ஒரு கல்லில் சந்திக்கின்றன. அந்தக் கல்லைச் சுற்றி நடந்து 'பத்து செகண்டில் மூணு நாடு' என்று ரீல்ஸ் போடாத இந்திய மாணவர் குறைவு. ஊர் நடுவில் பேரரசர் சார்லமேன் அடக்கம் செய்யப்பட்ட தேவாலயம் நிற்கிறது. 1978-ல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலேயே இடம்பிடித்த கட்டடம் அது.

ஆனால் ஊரை நடத்துவது 1870-ல் தொடங்கிய ஆர்.டபிள்யூ.டி.ஹெச். என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்தான். சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழும் ஊரில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் இங்கே படிக்கிறார்கள். மேற்கு ஜெர்மனி உதவியோடு 1959-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யோடு இதற்குப் பல பத்தாண்டு உறவு உண்டு. 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனி முழுக்கப் படித்த இந்தியர்கள் ஏறக்குறைய 49,500 பேர். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் நமக்குத்தான்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. முனிச் தொழில்நுட்பப் பல்கலையும் 2024 முதல் வாங்க ஆரம்பித்துவிட்டது. விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆனால் 'ஃப்ரீ' என்று சொல்பவர்கள் அடுத்த வரியைச் சொல்வதில்லை. ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கிவைத்துக் கணக்குக் காட்டினால்தான் விசா. நம்மூர்க் காசில் சுமார் 12 லட்சம் ரூபாய். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம்.

மாணவியின் அப்பா லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது. அந்த 992 யூரோவில் வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். அப்பாவிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று முடிவு செய்தவர், ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலை ஷிஃப்ட். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பேக்கரிகள் மட்டும் சில மணி நேரம் திறக்கும் என்பதால் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். மாணவர்கள் வருடத்தில் 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்று 2024 மார்ச்சிலிருந்து விதி தளர்ந்திருக்கிறது. குறைந்தபட்சக் கூலி 2025-ல் மணிக்கு 12.82 யூரோ. பணம் வந்தது. வகுப்பு போனது.

போனதை யாரும் தடுக்கவில்லை என்பதுதான் விஷயமே. பெரும்பாலான வகுப்புகளில் அட்டெண்டன்ஸ் இல்லை. 75 சதவிகிதம் இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது என்ற மிரட்டல் இல்லை. இன்டர்னல் மார்க் இல்லை. ஹெச்.ஓ.டி. வீட்டுக்கு போன் போட மாட்டார். பாடக் குறிப்புகள் ஆன்லைனில் கிடைக்கும். முதல் வகுப்பு முடிந்ததும் மொத்த மாணவர்களும் டெஸ்க்கை டொக் டொக்கென்று தட்டியபோது, ஏதோ எதிர்ப்புப் போராட்டம் என்று பயந்தே போனார் அவர். பேராசிரியருக்கு அவர்கள் கைதட்டும் முறையாம் அது!

செமஸ்டர் முடிவில் பல பாடங்களுக்கு ஒரே ஒரு தேர்வு. அதுதான் மொத்த மதிப்பெண்ணும்.

கன்ட்ரோல் இன்ஜினீயரிங்கில் முதல் முறை 5.0 வந்தது. ஜெர்மனியில் 1.0-தான் உச்சம். 4.0 வரை பாஸ். 5.0 என்றால் ஃபெயில். 'சரி, ஒரு அரியர்தானே' என்று நினைத்தார். நம் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் அரியர் என்பது கிட்டத்தட்ட செல்லப் பெயர். ஃபீஸ் கட்டி மறுபடி எழுதலாம், மறுபடியும் எழுதலாம். அரியர் வைக்காதவனை நண்பன் என்றே சேர்த்துக்கொள்ளாத கூட்டங்கள் உண்டு.

ஆகனில் ஒரு தேர்வுக்குப் பொதுவாக மூன்றே முயற்சி. கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் 'எண்ட்கூல்டிஷ் நிஷ்ட் பெஸ்டாண்டன்', அதாவது 'இறுதியாகத் தேறவில்லை' என்று எழுதிவிடுவார்கள். அந்தப் படிப்பிலிருந்து பெயர் நீக்கப்படும். அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலையில் தொடரவும் வழி அடைபடும். மற்ற எல்லாப் பாடத்திலும் 1.0 வாங்கியிருந்தாலும் இதே கதிதான். விசாவும் படிப்பை நம்பித்தான் இருக்கிறது. கன்ட்ரோல் இன்ஜினீயரிங் கட்டாயப் பாடம்.

இரண்டாம் முறையும் 5.0.

அன்று வீட்டிலிருந்து அம்மா வழக்கம்போல ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தார். கோடைகாலம் என்பதால் ஆகனில் அப்போது மாலை ஐந்தரை. "பரீட்சை எப்படி எழுதுன சாமி?" "நல்லா எழுதிருக்கேன்மா." அதன்பின் பல வாரங்களுக்கு அந்தப் பொய்யோடுதான் தினமும் போன் பேசினார்.

ஒரு சனிக்கிழமை கால் போன போக்கில் ரயில் ஏறினார். செமஸ்டர் கட்டணத்திலேயே பயணச்சீட்டும் சேர்ந்து வருவதால் டிக்கெட் செலவு இல்லை. ஆகனில் கிளம்பும் ஆர்.இ.1 ரயில் கொலோன், டுசல்டார்ஃப், டார்ட்மண்ட் எல்லாம் தாண்டி ஹம் நகருக்குப் போகும். ஹம் அருகே உவென்ட்ராப்பில், தொழிற்பேட்டை நடுவே ராஜகோபுரத்தோடு நிற்கிறது காமாட்சி அம்பாள் கோயில். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பி, 2002-ல் குடமுழுக்கு நடத்திய கோயில். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்கா, "எங்க படிக்கிறீங்கள்? சோதனை எல்லாம் பாஸோ?" என்று கேட்டிருக்கிறார். ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து படிப்பைப் பற்றி நேருக்கு நேர் கேட்ட முதல் ஆள் அவர்தான். மாணவி அழுதுவிட்டார். அந்த அக்காவின் மகனும் ஜெர்மனியில் படித்தவர். அவர் சொன்னது இரண்டே விஷயம். திருத்திய பேப்பரைப் போய்ப் பார்த்தாயா? பழைய கேள்வித்தாள் வாங்கினாயா?

இரண்டையும் அவர் செய்திருக்கவில்லை. திருத்திய விடைத்தாளை மாணவருக்குக் காட்ட ஒரு நாள் ஒதுக்குவார்கள். 'ஐன்ஸிஷ்ட்' என்று பெயர். மார்க்குக்காகச் சண்டை போடுபவர்கள் போகும் இடம் என்று நினைத்து முதல் முறை போகவே இல்லை. இம்முறை போனார். உதவி ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று பக்கம் பக்கமாகக் காட்டினார். சூத்திரம் எல்லாம் சரி. ஆனால் அதை ஏன் அங்கே பயன்படுத்தினார் என்று எங்கேயும் எழுதவில்லை. நம்மூர் பார்ட் பி கேள்விக்கு மனப்பாடம் செய்த விடையை முழுசாக இறக்கிவைக்கும் பழக்கம்! கேள்வியில் ஒரு நிபந்தனை மாறியிருந்ததைக் கவனிக்காமலே இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பழைய கேள்வித்தாள்கள் மாணவர் குழுவான 'ஃபாஹ்ஷாஃப்ட்'டிடம் கிடைத்தன. ஒரு வருடமாகத் தினம் கடந்துபோன கதவு அது.

பேக்கரி ஷிஃப்ட் வாரம் ஒன்றாகக் குறைந்தது. மதியம் மென்சாவில், அதாவது மாணவர் உணவகத்தில், மலிவுச் சாப்பாடு. ராத்திரி பருப்பு சாதம்.

பிப்ரவரித் தேர்விலிருந்து விலக ஒரு கடைசித் தேதி உண்டு. விலகினால் அந்த முயற்சி கணக்கில் வராது. ஆனால் இன்னொரு செமஸ்டர், இன்னும் ஆறு மாதச் செலவு. அந்தத் தேதியின் முந்தைய இரவு, அம்மாவிடம் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா சொன்னார்: "அதுக்கென்ன கண்ணு, போய் எழுது. வராட்டிப் பொறப்பட்டு வா. ஊடு இங்கதான இருக்குது."

அந்த வீட்டின் பத்திரம்தான் வங்கியில் இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாணவி விலகவில்லை.

தேர்வன்று ஆகனில் வழக்கமான தூறல். எலிசன்புருன்னன் வழியாக நடந்தபோது ரொம்ப நாள் கழித்து அந்த வாடை மூக்கில் ஏறியதாம். ரிசல்ட் வரச் சில வாரங்கள் ஆனது. அந்த வாரங்களில் வகுப்புத் தோழிகள் மூன்று பேர் தினமும் ஒரு வேளை சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள். கேட்க ஆளில்லாத ஊரில், கேட்கச் சொன்னால் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் இலவச மனநல ஆலோசனை இருப்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

வந்தது 3.3.

அம்மா அன்றே பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். "3.3-ஆ? எத்தனைக்கு?" என்று அவர்கள் கேட்டதற்கு, "அஞ்சு வாங்குனாத்தான் ஃபெயிலாம், எம்பொண்ணு அதவிடக் கம்மி!" என்று பதில் போயிருக்கிறது. முதல் இரண்டு முறை நடந்தது சித்தப்பா வீட்டுக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் பெயர் இல்லை.