நாற்சந்தியில் ஒரு அணி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நகரத்தைக் கல்லூரிக் கூடைப்பந்து இரண்டு முறை உலுக்கியது. இரண்டுக்கும் இடையே 45 ஆண்டுகள். ஆட்டம் மாறவில்லை, விதிகள் மாறிவிட்டன.

இண்டியானாபோலிஸ் நகரில் 1928இல் திறக்கப்பட்ட ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ் என்ற பழைய செங்கல் அரங்கில் 2024 ஏப்ரல் 4ஆம் தேதி இரவு எங்கு பார்த்தாலும் நீலச் சட்டைகள். சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஓர் ஊரே கிளம்பி வந்துவிட்டதோ என்று தோன்றும். இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு அன்று நேஷனல் இன்விடேஷன் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரணி நியூ ஜெர்ஸியின் ஸீட்டன் ஹால். முடிவு 79-77. இரண்டே புள்ளியில் தோல்வி. நீலச் சட்டைகள் இருட்டில் காரோட்டி ஊர் திரும்பின.

அது அன்றைய துக்கம். அடுத்த சில வாரங்களில் நடந்தது ஊரின் துக்கம். பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். 32 ஆட்டங்களில் வென்று ஏழில் மட்டுமே தோற்றிருந்த அணி, மே மாதத்துக்குள் பெயரளவில்தான் மிஞ்சியது.

ஊரின் பெயர் டெர்ரா ஹோட். 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வந்த பிரெஞ்சுக்காரர்கள் வாபாஷ் ஆற்றின் கரையில் இருந்த மேட்டைப் பார்த்து வைத்த பெயர். உயர்ந்த நிலம் என்று பொருள். தமிழர்கள் வைத்திருந்தால் மேட்டூர் என்று வைத்திருப்பார்கள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 58 ஆயிரத்துச் சொச்சம். கிழக்கு மேற்காக வந்த பழைய தேசிய நெடுஞ்சாலையும் வடக்கு தெற்காக வந்த இன்னொரு நெடுஞ்சாலையும் ஒரு காலத்தில் ஊரின் நடுவே ஏழாவது தெருவும் வாபாஷ் அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதனால் 'அமெரிக்காவின் நாற்சந்தி' என்ற பட்டம். அந்த முனையில் இதைச் சொல்லும் பலகையும் உண்டு.

நாற்சந்தி என்றால் எல்லோரும் வருவார்கள், யாரும் தங்கமாட்டார்கள். இந்த ஊரின் சரித்திரத்தைப் புரட்டினால் இது வெறும் பேச்சல்ல என்பது தெரியும். நாவலாசிரியர் தியோடர் டிரைசர் 1871இல் இங்கே பிறந்தார், வேறு ஊர்களில் வளர்ந்து எழுதிப் புகழடைந்தார். அவருடைய அண்ணன் பால் டிரெஸ்ஸர் 1897இல் வாபாஷ் நதிக்கரையை நினைத்து ஏங்கும் பாட்டொன்றை வெளியிட்டார். பின்னர் அது மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பாடலாயிற்று. ஏக்கம் ஆற்றங்கரையைப் பற்றியது, பிழைப்பு நியூ யார்க்கில். உலகமே கையில் பிடித்துப் பார்த்த கோகோ கோலா கண்ணாடிப் புட்டியின் வளைவு 1915இல் இந்த ஊரின் ரூட் கண்ணாடித் தொழிற்சாலையில் உருவானது. புட்டிக்குள் போன பானத்தின் லாபம் அட்லாண்டாவுக்குப் போயிற்று.

விதிவிலக்காகத் தங்கியவர் ஒருவர் உண்டு. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ். ஐந்து முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையில் இருந்தபடியே 1920இல் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றவர். அவருடைய இரண்டு மாடி மர வீடு இப்போது அருங்காட்சியகம். பல்கலைக்கழகம் வளர்ந்து வளர்ந்து அந்த வீட்டைச் சூழ்ந்துகொண்டுவிட்டது. அகில அமெரிக்காவுக்கும் தெரிந்த இந்த ஊரின் இன்னொரு அடையாளம் ஒரு சிறை. மத்திய அரசின் மரண தண்டனைக் கைதிகளை வைக்கும் இடம். ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு நிகழ்த்திய டிமொதி மக்வேயின் தண்டனை 2001இல் இங்கேதான் நிறைவேற்றப்பட்டது. ஊர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பெருமைக்கு அவர்களிடம் இருப்பது கூடைப்பந்து.

நம்மூர்ப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்குவது கடினம். இங்கே மைதான ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் நண்பர்கள் கூட்டம். நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைக்கலாம் என்பதே கனவு. அங்கே கல்லூரி அணிதான் ஊரின் அணி. தொழில்முறை அணி இல்லாத சிறு நகரங்களில் குளிர்கால மாலைகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இண்டியானாவில் அந்தப் பைத்தியம் ஒரு படி அதிகம்.

இண்டியானா ஸ்டேட் அணிக்கு சிகமோர்ஸ் என்று பெயர். புலி, சிங்கம், கழுகு என்று பெயர் சூட்டிக்கொள்ளும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நடுவே இது ஆற்றோரம் வளரும் ஒரு மரத்தின் பெயரை வைத்துக்கொண்ட அணி. 1946இல் இங்கே பயிற்சியாளராக வந்தவர் ஜான் வுடன். 1947இல் கேன்ஸஸ் சிட்டியில் நடந்த தேசியப் போட்டிக்கு அணிக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று அங்கே விதி. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். வாக்கர் வர முடியாத இடத்துக்கு அணியும் வராது என்று வுடன் அழைப்பை மறுத்தார். அடுத்த ஆண்டு விதி நீக்கப்பட்டது. வாக்கர் ஆடினார், அணி இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. அந்த 1948ஆம் ஆண்டே வுடன் லாஸ் ஏஞ்சலீஸுக்கு மாறினார். அங்கே பத்து தேசியப் பட்டங்களை வென்று கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளர் ஆனார். நாற்சந்தி தன் வேலையைச் செய்துவிட்டது.

பிறகு வந்தவர் லாரி பேர்ட். மாநிலத்தின் தெற்கே உள்ள ஃபிரெஞ்ச் லிக் என்ற ஏழைச் சிற்றூர்ப் பையன். 1974இல் ப்ளூமிங்டனில் உள்ள பெரிய இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதன் பிரம்மாண்டம் மிரட்டவே ஒரு மாதம்கூட முடியாமல் வீடு திரும்பிவிட்டார். ஊரின் நகராட்சியில் வேலை. குப்பை வண்டியிலும் போனார். அவரைத் தேடிப் பிடித்து டெர்ரா ஹோட்டுக்கு அழைத்து வந்தவர்களில் ஒருவர் துணைப் பயிற்சியாளர் பில் ஹாட்ஜஸ்.

1978 ஜூனில் பாஸ்டன் செல்டிக்ஸ் தொழில்முறை அணி பேர்டைத் தேர்ந்தெடுத்தது. உடனே போயிருக்கலாம். பணமும் காத்திருந்தது. அவர் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம் தங்குவதாகச் சொன்னார். அந்த ஒரு வருடம்தான் 1978-79 சீசன். சீசன் தொடங்குவதற்குள் தலைமைப் பயிற்சியாளர் பாப் கிங் நோய்வாய்ப்பட, பொறுப்பு ஹாட்ஜஸின் தலையில் விழுந்தது. தேசியத் தொடரில் அதுவரை ஒரு முறைகூட ஆடியிராத பல்கலைக்கழகம் அது. அந்த அணி தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது.

பேர்டை மட்டுமே பேசுவது வழக்கம், ஆனால் அந்த 33இல் இரண்டு ஆட்டங்கள் பாப் ஹீட்டன் என்ற சக ஆட்டக்காரரின் கையில் இருந்தன. நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டுடன் நடந்த ஆட்டத்தில் தோல்வி நிச்சயம் என்ற கடைசி நொடியில், ஹீட்டன் மைதானத்தின் பாதிக்கு அப்பாலிருந்து கண்மூடித்தனமாக எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. கூடுதல் நேரத்தில் வெற்றி. ஆர்கன்ஸாவுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நொடிகளில் வலக்கைக்காரரான அவர் இடது கையால் போட்ட பந்தில் 73-71.

1979 மார்ச் 26ஆம் தேதி சால்ட் லேக் சிட்டியில் இறுதி ஆட்டம். எதிரே மிச்சிகன் ஸ்டேட்டின் மாஜிக் ஜான்ஸன். அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் வேறெந்தக் கூடைப்பந்து ஆட்டத்துக்கும் அந்த அளவு பார்வையாளர் விகிதம் கிடைத்ததில்லை. பேர்டுக்கு இடது கட்டைவிரலில் முறிவு. மிச்சிகன் ஆட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்து நின்று மூச்சுவிட இடம் தரவில்லை. 21 முறை எறிந்து ஏழு முறைதான் போட முடிந்தது. 75-64. டவலில் முகம் புதைத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேர்டின் படம்தான் பலருக்கு அந்தச் சீசன். டெர்ரா ஹோட்டுக்கு அது தோல்வியாகவே படவில்லை. ஆட்டங்கள் நடந்த ஹல்மன் சென்டருக்கு வெளியே 2013இல் பேர்டுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

அதன் பிறகு தேசியத் தொடருக்குத் தகுதி பெற 2000, 2001, 2011 என்று எண்ணி மூன்று முறைதான் வாய்த்தது. 2021இல் ஷெர்ட்ஸ் வந்தார். முதல் வருடம் 11 வெற்றி, 20 தோல்வி. மூன்றாவது வருடத்தில் 32 வெற்றி. நடுவில் ஆறடி பத்தங்குல உயரமுள்ள ராபி அவீலா. விளையாட்டு வீரருக்கான எந்த லட்சணமும் இல்லாத உடல்வாகு, முகத்தில் பெரிய கண்ணாடி. மெதுவாக நகர்வார். ஆனால் யார் எங்கே ஓடுவார் என்று முன்கூட்டியே தெரிந்தவர்போலப் பந்தை அனுப்புவார், தூரத்திலிருந்தும் போடுவார். அந்தக் காலத்தில் கண்ணாடியோடு ஆடிய கரீம் அப்துல் ஜப்பாரை நினைத்து 'க்ரீம் அப்துல் ஜப்பார்' என்றும், புத்தகப் புழு என்ற பொருளில் 'லாரி நெர்ட்' என்றும் ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். இந்த ஊரில் ஒருவரைப் பாராட்டுவதென்றால் லாரி என்ற பெயர் வந்துதான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

செயின்ட் லூயிஸ் நகரில் 2024 மார்ச் 10ஆம் தேதி நடந்த மிஸூரி வேலி லீக் இறுதி ஆட்டத்தில் டிரேக் பல்கலைக்கழகத்திடம் 84-80 என்று தோற்றதுதான் வினையாயிற்று. 68 அணிகளின் தேசியத் தொடரில் லீக் சாம்பியன்களுக்கு இடம் நிச்சயம், மற்ற இடங்களை ஒரு குழு தீர்மானிக்கும். குழு பெரிய லீக் அணிகளின் பக்கம் சாய்ந்தது. இண்டியானா ஸ்டேட்டுக்கு இடமில்லை. 28 வெற்றி பெற்றுவிட்டு வீட்டு வாசலில் நிற்க நேர்ந்த அணிக்கு இரண்டாம் தரப் போட்டியான நேஷனல் இன்விடேஷன்தான் கிடைத்தது. அதிலும் ஹல்மன் சென்டரில் மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் வெற்றி. ஊர் அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது.

பிறகுதான் அந்த வெளியேற்றம். ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அவீலாவும் ஐசயா ஸ்வோப்பும் பின்தொடர்ந்தார்கள். ஜூலியன் லாரியும் ஜேஸன் கென்ட்டும் டெக்ஸஸுக்கு. ரயன் கான்வெல் ஸேவியருக்கு.

இவர்களைக் குறை சொல்வது எளிது. நியாயமல்ல. 1979 இறுதி ஆட்டத்தால் தொலைக்காட்சி சம்பாதித்தது, பல்கலைக்கழகங்கள் சம்பாதித்தன. ஆடிய பையன்களுக்குக் கிடைத்தது கல்விக் கட்டணச் சலுகையும் சாப்பாடும் தங்குமிடமும். 2021 ஜூலையிலிருந்துதான் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்றுப் பணம் பெற அனுமதி வந்தது. கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் தளர்ந்தது. பேர்டே அப்படி 1975-76இல் ஒரு வருடம் உட்கார்ந்தவர்தான். ஆக, அந்தக் காலத்து விசுவாசத்தில் பாதி மனசு, பாதி விதி. விதி போனதும் மனசு மட்டும் எவ்வளவு தாங்கும்? பெரிய பல்கலைக்கழகங்களின் பின்னால் பணக்கார முன்னாள் மாணவர்கள் நிற்கிறார்கள். சிறு நகரத்துக் கல்லூரி ஒரு பையனைக் கண்டெடுத்து, மூன்று வருடம் பழக்கி, ஊரறியச் செய்தால் அடுத்த நாளே ஏலம் தொடங்கிவிடுகிறது.

ஷெர்ட்ஸும் அவீலாவும் போன செயின்ட் லூயிஸ் மேற்கே சுமார் 270 கிலோமீட்டர். டெர்ரா ஹோட்டை ஒட்டிப் போகும் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் திரும்பவே வேண்டாம், நேரே கொண்டுபோய்விடும். அடுத்த சீசனில் இண்டியானா ஸ்டேட் வென்றதை விடத் தோற்றதே அதிகம்.

இறுதி ஆட்டத்தில் தோற்ற இரவுக்குச் சரியாக எட்டு வாரம் கழித்து, மே 30ஆம் தேதி, டெர்ரா ஹோட்டின் நடுவே மாநாட்டு மையத்தில் லாரி பேர்ட் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அனுமதி இலவசம். அவீலாவை வழியனுப்பிவிட்டிருந்த ஊர் அன்று பேர்டைப் பார்க்கத் திரண்டது. 67 வயது பேர்ட் நேரில் வந்திருந்தார். விழா முடிந்ததும் அவரும் கிளம்பினார்.